நாற்ற மேசை

வீடு விற்பதுதான் என் தொழில். கூரை ஒழுகுமா, கிணற்றுத் தண்ணீரில் இரும்பு வாடை அடிக்குமா, பக்கத்து வீட்டுக்காரன் விடியற்காலையில் துப்பாக்கி பழகுகிறவனா, எதைக் கேட்டாலும் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். ஆனால் பள்ளிக்கூடம் நல்லதா கெட்டதா என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. எங்கள் தொழிலில் அது கண்டிப்பான விதி. இந்தப் பள்ளி நல்லது, அந்தப் பள்ளி வேண்டாம் என்று ஏஜெண்டுகள் சொல்லிச் சொல்லியே ஒரு காலத்தில் எந்த நிறத்தவர் எந்தத் தெருவில் குடியேறலாம் என்று பிரித்து வைத்தார்கள். அதனால் வந்த விதி. நியாயமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் என்னைப் போன்ற ஓட்டைவாய்க்காரிக்கு அது தண்டனை. அதிலும் நானும் என் பிள்ளைகளும் படித்த ஹேசல் ஃபோர்க் பள்ளியைப் பற்றிக் கேட்டால் நாக்கு துடிக்கும்.

கொரீன் என்ற பெண் கொலம்பஸ் நகரத்திலிருந்து போன் செய்தாள். எங்கள் மாவட்ட ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமைக்குள் சரி என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும், வெள்ளிக்கிழமை மகளோடு வந்து பள்ளியையும் வீட்டையும் பார்க்கிறேன் என்றாள்.

"வெள்ளிக்கிழமை வேண்டாமே. சனி, ஞாயிறு வீடு மட்டும் பாத்துட்டுப் போங்களேன்" என்றேன்.

"ஏன், வெள்ளிக்கிழமைக்கு என்ன?"

"இல்ல, அன்னைக்கு ஸ்கூல்ல கொஞ்சம்..." பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"ஸ்கூல்ல என்ன?"

"ஒண்ணுமில்ல. வாங்க, பாத்துக்கலாம்."

கெட்டது காரியம். எதையோ மறைக்கிறார்கள் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். மறைக்க ஒரு மண்ணும் இல்லை. வியாழக்கிழமை மாலை தீயணைப்பு நிலையத்தில் காட்டுப்பூண்டு விருந்து, அவ்வளவுதான். மேற்கு வர்ஜீனியா மலைகளில் ஏப்ரல் பிறந்தால் பனி விலகிய சரிவெல்லாம் காட்டுப்பூண்டு தலைநீட்டும். ராம்ப் என்போம். உருளைக்கிழங்கோடும் பன்றிக்கொழுப்போடும் வதக்கித் தின்றால் ஓரளவு பரவாயில்லை. பச்சையாகத் தின்றால் இரண்டு நாள் வாயிலும் வியர்வையிலும் அந்த வாடை போகாது. எங்கள் ஊர் வீம்புக்காரப் பிள்ளைகள் பச்சையாகத்தான் தின்பார்கள்.

நான் படித்த காலத்தில் நாறுகிற பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பரீட்சைக்கு முந்தின நாள் வகுப்பே கூடிப் பூண்டு தின்ற பிறகு பள்ளிக்குப் புத்தி வந்தது. இப்போது யாரையும் அனுப்புவதில்லை. மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் பின்கதவோரம் ஒரு தனி மேசை போட்டு, பச்சையாகத் தின்றவர்கள் எல்லாரும் அங்கே உட்கார வேண்டும். அதற்குப் பெயர் நாற்ற மேசை. வெளியூர்க்காரர்களை அழைத்துப் போக வேண்டுமே என்று அந்த வருடம் நான் விருந்துக்கே போகவில்லை. போய்விட்டு வந்த என் வீட்டுக்காரரைக் கூடத்து சோபாவில்தான் படுக்க வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை இருவரையும் என் காரில் ஏற்றிக்கொண்டேன். மகள் டேபித்தாவுக்குப் பத்து வயது. பின் இருக்கையில் காதில் ஹெட்போன் மாட்டி, மடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். காலை வணக்கம் சொன்னேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

கொரீன் குரலைத் தாழ்த்திப் பேசினாள். "ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. மத்தியானம் சாப்பாட்ட எடுத்துக்கிட்டு பாத்ரூம்ல போய்ச் சாப்பிடுறா. அவ்வளவு பெரிய ஸ்கூல்ல கூட உக்கார ஒரு பிள்ள கிடையாது. இத ஒரு டீச்சர் சொல்லித்தான் எனக்கே தெரியும். வீட்டுக்காரர் லாரி ஓட்டுறவர், வாரத்துல ஒரு நாள் இருந்தா பெரிசு. அவருக்கு இன்னும் சொல்லல."

ஒரு குழந்தை கழிப்பறையில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்பதை நினைத்தால் யாருக்குத்தான் மனசு கேட்கும்?

"அதனால மார்க்கு, வெப்சைட்டு எல்லாம் எனக்கு ரெண்டாம்பட்சம். நீங்க இந்த ஊருதானே? நீங்களே சொல்லுங்க, ஸ்கூல் எப்படி?"

"அத நான் சொல்லக் கூடாதுங்க. வெப்சைட்ல பாருங்க."

"பாத்தேன். பத்துக்கு நாலு போட்டிருக்கான்."

நாலா! எவன் போட்டான், அவன் இந்த மலையை ஒரு தடவையாவது ஏறியிருப்பானா? கோபத்தில் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தேன். ஆனால் வாய்விட்டு, "வீட்டுக் கூரை போன வருஷம்தான் மாத்தினாங்க" என்றேன்.

தலைமை ஆசிரியர் டுவைட் ஹாம்ரிக் வாசலிலேயே நின்றிருந்தார். என் வகுப்புத் தோழர். எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்து, ஹீட்டரையும் முழு வேகத்தில் ஓடவிட்டு, போதாததற்குப் பைன் மர வாசனை ஸ்பிரே வேறு அடித்திருந்தார். காட்டுப்பூண்டும் பைன் வாசனையும் கலந்தால் என்ன ஆகும் என்று அந்த மனிதர் யோசிக்கவே இல்லை.

கொரீன் உள்ளே கால் வைத்ததும் நின்றாள். "கேஸ் லீக் ஆகுதா?"

"இல்லைங்க மேடம். அது வந்து... சீசன்" என்றார் டுவைட்.

"என்ன சீசன்?"

டுவைட் என்னைப் பார்த்தார். நான் மேற்கூரையைப் பார்த்தேன். டேபித்தா மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஆனால் ஹெட்போனைக் கழற்றிவிட்டிருந்தாள்.

கொரீன் கேட்ட கேள்விகள் எல்லாம் நல்ல கேள்விகள். ஐந்தாம் வகுப்பு ஆசிரியை எத்தனை வருடமாக இருக்கிறார், படிப்பில் பின்தங்கினால் தனியாகச் சொல்லித்தருவது யார், பேருந்தில் எவ்வளவு நேரம் ஆகும். டுவைட் ஒன்றையும் பூசி மெழுகவில்லை. பேருந்தில் ஐம்பது நிமிடம் ஆகும், பனி கொட்டினால் ஓடாது, நர்ஸ் வாரத்தில் இரண்டு நாள்தான், பாட்டு டீச்சரை மூன்று பள்ளிகள் பங்கு போட்டுக்கொள்கின்றன என்று அடுக்கினார். 'அடப்பாவி, கொஞ்சமாவது பீற்றிக்கொள்ளேன்' என்று எனக்கு அவர் காலை மிதிக்க வேண்டும் போல இருந்தது.

ஆனால் கொரீன் முகம் தெளிந்துகொண்டே வந்தது. பொய் சொல்லாத ஆளைக் கண்டால் யாருக்கும் அப்படித்தான். சாப்பாட்டு மணி அடித்தபோது, "டேபித்தா இங்கயே சாப்பிடட்டுமா?" என்று அவளே கேட்டாள். டுவைட் சந்தோஷமாக ஒரு தட்டில் இறைச்சித் துண்டு வைத்துச் சுட்ட பெப்பரோனி ரோலும் பாலும் வாங்கிக் கொடுத்தார்.

விளையாட்டுக் கூடத்தில்தான் சாப்பாடு. நடுவில் நீள நீள மேசைகள். தள்ளி, திறந்து கிடந்த பின்கதவோரம் ஒரே ஒரு மேசை. குளிர்காற்று நேராக அடித்ததால் அங்கிருந்த ஏழெட்டுப் பிள்ளைகளும் கோட்டைக் கழற்றாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கொரீன் அப்படியே நின்றுவிட்டாள். "அந்தப் பிள்ளைங்க மட்டும் ஏன் தனியா உக்காந்திருக்காங்க?"

"இன்னைக்கு மட்டும்தாங்க மேடம்."

"என்ன தப்பு பண்ணாங்க?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்ல..."

"தப்பு பண்ணல, ஆனா கதவோரம் குளிர்ல உக்கார வச்சிருக்கீங்க. சாப்பாட்டுக்குப் பணம் கட்டாதவங்களா? இல்ல, ஏழைப் பிள்ளைங்களா?" அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். "எந்தக் கொடுமையிலருந்து தப்பிச்சு ஓடியாந்தேனோ, அத இங்க மேசை போட்டே நடத்துறீங்க!"

டுவைட் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. பிள்ளைகள் நாறுகிறார்கள் என்று வெளியூர்த் தாயிடம் எப்படிச் சொல்வது என்று அவர் வாயைத் திறந்து திறந்து மூடினார். விதியாவது மண்ணாவது என்று நான் வாயெடுப்பதற்குள் கொரீன் திரும்பினாள். "டேபித்தா, வா. போலாம்."

டேபித்தா பக்கத்தில் இல்லை. தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி, நடுமேசைகள் எதையும் ஏறிட்டுப் பார்க்காமல், நேரே அந்தக் கதவோர மேசைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தனியாக ஒதுங்கிக் கிடக்கும் இடம் எதுவோ அதுதான் தன் இடம் என்று அந்தக் குழந்தை பழகிப்போயிருந்தாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே தாங்கவில்லை. பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்த மேசைக்கு அன்று தலைவி ரேலின். பெட்ரோல் பங்க்காரர் மகள், ஊசிப் பட்டாசு. டேபித்தா தட்டை வைக்கப் போனதும் கையை நீட்டித் தடுத்தாள்.

"ஏய், இங்க உக்காரக் கூடாது!"

கொரீன் என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"ஏன்?" என்றாள் டேபித்தா. அவள் குரலை நான் அப்போதுதான் முதல்முறை கேட்டேன்.

"நீ நாறல."

மேசையே விழுந்து விழுந்து சிரித்தது. டேபித்தா சிரிக்கவில்லை. நகரவும் இல்லை.

"எங்க, ஊது பாப்போம்" என்று ரேலின் முகத்தைக் கிட்டே கொண்டுவந்தாள். டேபித்தா ஊதினாள். "ஐய! ஸ்ட்ராபெரி டூத்பேஸ்ட்டு! போடி, போய் அந்தச் சுத்தக்காரிங்களோட உக்காரு. இது எங்க மேச. சும்மா கிடைக்காது."

அவ்வளவுதான், கழிப்பறையைத் தேடிப் போகப் போகிறாள் என்று நினைத்தேன். டேபித்தா தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டாள். "நாறணும்னா என்ன செய்யணும்?"

ரேலின் கோட்டுப் பையில் கைவிட்டு, வேரில் மண் ஒட்டியிருந்த ஒரு காட்டுப்பூண்டை எடுத்தாள்.

"ரேலின்! உள்ள கொண்டு வரக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?" டுவைட் கத்தினார்.

"நான் கொண்டு வரல சார். நேத்துலருந்து பாக்கெட்லயே இருக்கு சார்." மண்ணைக் கோட்டில் தேய்த்துவிட்டு நீட்டினாள். "மெல்லணும். அப்படியே முழுங்கிட்டா செல்லாது."

டேபித்தா தட்டை மேசையில் வைத்தாள். பூண்டை வாங்கினாள். அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடித்து மென்றாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது, மூக்கு ஒழுகியது, முகம் கோணியது. மேசைப் பிள்ளைகள், "மெல்லு, மெல்லு!" என்று தட்டைத் தட்டினார்கள். விழுங்கிவிட்டு, யாரும் கேட்காமலே ரேலின் முகத்தில் ஊதினாள்.

ரேலின் பின்னால் சாய்ந்தாள். "அம்மாடி! செத்தேன்! டேய் கோடி, தள்ளுடா, இவளுக்கு இடம் விடு. உம்பேரு என்னடி?"

அதற்குப் பிறகு நான் வாயைக் கட்டவில்லை. பூண்டு, விருந்து, பரீட்சைக் கூத்து, நாற்ற மேசை என்று கொரீனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பூண்டைப் பற்றிப் பேசக் கூடாது என்று விதியில் இல்லையே. அவள் பாதி கேட்டாளோ என்னவோ. சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து, சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வர, அந்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டுவைட்டிடம் மன்னிப்புக் கேட்டாள். "நீங்க கோவப்பட்டதுல தப்பே இல்லைங்க மேடம். விஷயம் தெரியாம பாத்திருந்தா நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்" என்றார் அவர். மனுஷன் மனுஷன்தான்.

சாப்பிட்டு முடித்ததும் அந்தக் கூட்டத்தோடு மைதானத்துக்கு ஓடிவிட்ட டேபித்தாவை அங்கிருந்து பிரித்துக் கொண்டுவர எங்கள் மூன்று பேராலும் முடியவில்லை. இன்னும் அஞ்சு நிமிஷம், இன்னும் அஞ்சு நிமிஷம் என்று கெஞ்சினாள். கடைசியில் வகுப்பு மணி அடித்து ரேலினே உள்ளே ஓடிய பிறகுதான் வந்தாள்.

காரில் ஏறியதும் நான் வீட்டைப் பற்றி ஆரம்பித்தேன். அது என் கடமை. "நல்ல வீடுதான். ஆனா உள்ளதச் சொல்லிடுறேன், மழைக்காலத்துல கீழ்த்தளத்துல தண்ணி வரும்."

"வரட்டும்" என்றாள் கொரீன்.

"பம்ப் வைக்கணும்."

"வச்சுக்கலாம்."

பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாமல் காலையிலிருந்து தவித்தேன். பேச உரிமையுள்ள ஒரே விஷயத்தைப் பேசினால் காது கொடுப்பாரில்லை.

பின்னால் டேபித்தா பேசிக்கொண்டே வந்தாள். ரேலின் வீட்டில் ஆறு ஆட்டுக்குட்டி இருக்கிறதாம், கோடி என்கிற பையன் ஒரே மூச்சில் நாலு பூண்டு தின்று வாந்தி எடுத்தானாம், நாளைக்கே வந்தால் பூண்டு தோண்டுகிற இடத்தைக் காட்டுவார்களாம். அவள் வாயைத் திறக்கத் திறக்கக் கார் முழுக்க வாடை ஏறியது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கே கண் எரிந்தது. கொரீன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"ஜன்னலை இறக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்றாள் அவசரமாக. "காத்துச் சத்தத்துல அவ பேசறது கேக்காது."