பதினொன்றும் ஒன்பதும்

1

இந்தக் கதை ஒரு பாராட்டு மலரிலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட பக்கம். வெட்டியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு சொன்னால் நீங்கள் என்னை நம்ப மாட்டீர்கள்.

பேராசிரியர் சௌந்தரவல்லி மருத்துவ இயற்பியலாளர். புற்றுநோயாளிமேல் கதிர் எத்தனை நேரம் பாய வேண்டும் என்று கணக்குப் போடுகிறவர். டாக்டர் அளவைச் சொல்வார். அது குறையாமல் கூடாமல் உடம்புக்குள் போய்ச் சேருவது இவர் பொறுப்பு. இவரிடம் படித்தவர்கள் இல்லாத புற்றுநோய் ஆஸ்பத்திரியை இந்தப் பக்கம் தேடித்தான் பார்க்க வேண்டும். அவர் ஓய்வு பெற்றபோது மலர் தயாரிக்கும் வேலையை மாணவர்கள் என்னிடம் கொடுத்தார்கள். படூரில் கதை எழுதிக்கொண்டு சும்மா இருக்கிறவன்தானே என்று நினைத்திருப்பார்கள்.

2

முதல் தொடக்கம்: "திருக்கழுக்குன்றத்தில் பிறந்த சௌந்தரவல்லி சிறுவயதிலேயே கணக்கில்…"

(அடித்துவிட்டேன். எல்லா மலரிலும் எல்லாரும் சிறுவயதிலேயே எதையாவது செய்துவிடுகிறார்கள்.)

இரண்டாவது தொடக்கம்: "இரண்டாம் ஆள் விதியைத் தந்தவர்…" இதுதான் அச்சில் வந்தது. ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர், விடையைப் பார்க்காமல், முதலிலிருந்து போட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் நோயாளி மேஜைமேல் படுக்கலாம். மேடம் கொண்டுவந்த விதி, அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த விதி.

வகுப்பில் அதற்கு ஒரு கதையும் சொல்வார். ஏதோ ஒரு ஊர், ஏதோ ஓர் ஆஸ்பத்திரி. உடம்பு மெஷினுக்குக் கிட்டே வரவரக் கதிர் அதிகமாகப் படும், அதனால் நேரத்தைக் குறைக்க வேண்டும். கையால் கணக்குப் போட்டுக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். புதுக் கணினி வந்தது. அது தானே குறைத்துக் கொடுத்தது. அங்கிருந்த இயற்பியலாளர் பழக்கதோஷத்தில் அதன்மேல் இன்னொரு தடவை குறைத்தார். நோயாளிகளுக்குக் கதிர் குறைவாகவே போனது.

கலையரசன் என்ற மாணவர் ஒருமுறை கேட்டாராம்: "இன்னா மேடம், அந்தாளு தூங்கிகினே கணக்கு போட்டானா?"

வகுப்பே சிரித்தது. மேடமும் சிரித்தார்.

3

மூன்றாவது சந்திப்பில், கூடுவாஞ்சேரி வீட்டில், காபியை என் முன்னால் வைத்துவிட்டு அவர் சொன்னார்: "அந்த ஆள் நான்தான் சார். ஊர் செங்கல்பட்டு."

ஆஸ்பத்திரியின் பெயரையும் சொன்னார். நான் எழுதப்போவதில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. கதிர் கூடினால் தோல் வெந்து காட்டிக்கொடுத்துவிடும். குறைந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. மாணவர்களுக்காகக் கரும்பலகையில் அதே கணக்கைப் போட்டபோது மேடத்துக்கே விளங்கியது. அன்றைக்கே நிர்வாகத்திடம் போய்ச் சொன்னார். "யாருக்கும் புண்ணு ஆகலையே மேடம், யாரும் வந்து கேக்கலையே" என்றார்கள். ஃபைலை மூடினார்கள்.

"ஒருத்தர் கேட்டாங்க சார்" என்றார் மேடம்.

பதருன்னிசா. மாமல்லபுரத்திலிருந்து கணவரோடு பஸ்ஸில் வந்து போனவர். மெஷின் ஓடும்போது நபியை வாழ்த்தும் ஸலவாத்தைத் திரும்பத் திரும்ப ஓதிக்கொண்டே படுத்திருப்பார். கணினி வந்த வாரம் அவர் கேட்டது: "மேடம், போன வாரம் மெஷின் நிக்கறதுக்குள்ள பதினொண்ணு ஓதிடுவேன். இப்போ ஒம்போதுலயே நின்னுடுது. மெஷின் எதுனா ரிப்பேரா?"

"நீங்க இப்போ நிதானமா ஓதறீங்க போல" என்று சிரித்துக்கொண்டே அவர் தோளைத் தட்டியிருக்கிறார் மேடம்.

இரண்டாம் வருடம் நோய் திரும்பியது. பதருன்னிசா இறந்துபோனார்.

"முழு அளவு போயிருந்தா பிழைச்சிருப்பாங்களான்னு கேக்காதீங்க. தெரியாது. அதையாவது அவங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லணும்ல? இருபத்திரண்டு வருஷமா வாய் வரலை. அவரோட பத்திரிகைக் கடை வரைக்கும் ரெண்டு தடவை போய், ஒரு பத்திரிகை வாங்கிட்டுத் திரும்பிட்டேன். மலர்ல இதை எழுதிடுங்க."

[இந்த இடத்தில் எனக்குப் பாத்திரத்தின்மேல் சந்தேகம் வருகிறது. விதி செய்யத் தெரிந்தவருக்கு ஒரு வாக்கியம் சொல்லத் தெரியாதா? நானாகக் கற்பனை செய்திருந்தால் மூன்றாம் வருடமே சொல்ல வைத்திருப்பேன்.]

எழுதினேன். அச்சுக்கு முந்தின நாள் எடுத்துவிட்டேன். அவருக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டேன். தப்பு.

4

விழா மாமல்லபுரத்தில், கடலைப் பார்த்த ஒரு மண்டபத்தில் நடந்தது. மாணவர்கள் நல்லெண்ணத்தில் நூர்முகமது பாயை மேடையேற்றினார்கள். பதருன்னிசாவின் கணவர். பேருந்து நிலையத்தருகே பத்திரிகைக் கடை. இப்போது அதில் தொப்பியும் கூலிங் கிளாசும்தான் அதிகம். பெருநாளுக்குப் பெருநாள் மேடம் வீட்டுக்கு டிபன் கேரியரோடு வருகிறவர்.

அவர் மைக்கைப் பிடித்தார். "நாங்க பஸ்ஸுல வர்ற சனம். மத்த எடத்துல நாள் பூரா குந்தவெப்பாங்க, பேஜாரு. இந்தம்மா எங்களக் காக்க வெச்சதே இல்ல. டக்குனு முடிச்சு அனுப்பிடுவாங்க. ரெண்டு மணி பஸ்ஸ ஒரு நாளும் வுட்டதில்ல நாங்க."

மண்டபம் கைதட்டியது. மேடம் மடியில் மலரை வைத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். எதைத் தேடுகிறார் என்று அங்கே எனக்கு மட்டும் தெரியும். கடைசிப் பக்கம் வந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

5

முடிவுகள்.

மேடம் கடைக்குப் போய்ச் சொல்கிறார், பாய் மன்னித்துவிடுகிறார். (மூன்று விதமாக எழுதினேன். மூன்றிலும் மன்னித்தார். பேனா என் கையில் இருந்ததால்.)

பாய் கத்துகிறார், கல்லாவைத் தட்டி, "ஒம்போதுன்னு அவ சொன்னப்போ இன்னா பண்ணிகினு இருந்தே…"

(இதற்குமேல் எழுத முடியவில்லை.)

இந்தப் பக்கங்களை மேடத்திடம் படித்துக் காட்டினேன். பெயர்களை மாற்றட்டுமா என்று கேட்டேன். "பேரை வேணா மாத்துங்க. ஒன்பதை மாத்தாதீங்க" என்றார்.

இந்தக் கதையோடு வியாழக்கிழமை பத்திரிகைக் கட்டு மாமல்லபுரம் போகும். கிளிப் மாட்டித் தொங்கவிடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை படித்துவிடுவது உங்கள் வழக்கம், பாய். பெயர்களை மாற்றிவிட்டேன், உங்கள் பெயர் இதில் இல்லை. பதினொன்றும் ஒன்பதும் இருக்கின்றன. உங்கள் மனைவி வீட்டில் உங்களிடமும் சொல்லியிருப்பார்.

மன்னிக்கச் சொல்லவில்லை. அது நான் கேட்கிற விஷயமல்ல. இந்தப் பெருநாளுக்கு நீங்கள் வராவிட்டால் மேடம் புரிந்துகொள்வார். வந்தால், அழைப்பு மணி அடித்த பிறகு கதவு திறக்கக் கொஞ்சம் நேரமாகும். இந்த ஒரு தடவை காத்திருங்கள்.