கண்ணாடி இறக்கும் கைப்பிடி

சின்னண்ணன் கார்க் கதவைத் தடவித் தடவி, கண்ணாடி இறக்கும் கைப்பிடியைத் தேடிக்கொண்டிருந்தார். வண்டி சங்ககிரியைத் தாண்டியிருந்தது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சேலத்து ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். ஆம்புலன்ஸில் ஏறமாட்டேன் என்று அவர் அடம்பிடித்ததால், மகன் மோகன்குமாரின் புதுக் காரில் முன்சீட்டைச் சாய்த்துப் படுக்கவைத்திருந்தார்கள். பின்னால் மகள் மதுமதி அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இதுல கைப்பிடி எங்கடா?"

"பட்டன்ங்ப்பா. நாந்தான் லாக் பண்ணி வெச்சிருக்கறேன். ஏசி ஓடுது, தொறந்தா தூசி வரும்."

"காத்து வாங்கோணும்னா உங்கிட்ட மனுப் போடோணுமா?"

மூச்சு வாங்கும்போதும் அந்த வாய் ஓயவில்லை. கார் விஷயத்தில் அவர் வாய் என்றைக்குமே ஓய்ந்ததில்லை. வீட்டுக் கொட்டகையில் நிற்கும் வெள்ளை மாருதியில்தான் அவர் கோழிப்பண்ணை முட்டையை ஏற்றினார், தீவன மூட்டையை ஏற்றினார், மதுமதியை மணப்பெண்ணாகவும் ஏற்றினார். சேலத்துக்கோ நாமக்கல்லுக்கோ போனால் ஏதாவது ஒரு ஷோரூமுக்குள் நுழைவார். கொடுக்கும் காப்பியைக் குடிப்பார். எல்லாக் கதவையும் திறந்து மூடுவார். கடைசியில், "எல்லாஞ் செரிங்க. அந்தப் பழைய மாடலையே திருப்பிச் செய்யச் சொல்லுங்க. திருகுனா ஓடோணும், சுத்துனா கண்ணாடி எறங்கோணும். ரெண்டு வாங்கிக்கறேன்," என்பார். முதலில் சிரித்த ஷோரூம் பையன்கள், பிறகு அவர் தலையைக் கண்டாலே உள்ளறைக்குள் புகுந்துகொண்டார்கள்.

நேற்று ஆஸ்பத்திரியில் அவர் மதுமதியின் கையைப் பிடித்து, "நம்ம வண்டியிலயே கூட்டிட்டுப் போ சாமி. கண்ணாடிய எறக்கி உடு. வாய்க்காக் காத்து மூஞ்சியில படோணும்," என்றிருந்தார். செரிங்ப்பா என்று வாக்குக் கொடுத்தவள் அவள். காலையில் அண்ணன் இந்த வண்டியோடு வந்து, "அந்த டப்பாவுலயா அப்பாவ ஏத்துறது? நடுரோட்டுல நின்னுக்கிச்சுன்னா?" என்றதும் அவளும் தலையாட்டிவிட்டாள். அந்தக் குற்ற உணர்ச்சி வழியெல்லாம் அவளை அரித்தது.

"சாவி எங்கடா?" என்றார் சின்னண்ணன்.

"இந்த வண்டிக்குச் சாவி போட வேண்டியதில்லைங்ப்பா. பாக்கெட்டுல இருந்தாப் போதும்."

"பொய் சொல்றான் பாரு மது. குடு, பாக்கலாம்."

கொடுத்தான். வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "இது சாவியா? சோப்பு டப்பா," என்றார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. திருச்செங்கோடு தாண்டியதும் மதுமதி பிடித்திருந்த தோள் கனத்தது. கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். அவன் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு, வண்டியை ஓரங்கட்டி, ஸ்டீரிங்கில் தலை வைத்து அழுதான். அவளும் அழுதாள்.

அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது. அத்தை குப்பாயி, சின்னண்ணனின் தங்கை.

"எங்க சாமி வர்றீங்க? உசுரோட கொண்டாந்து சேத்திருங்க. வெளியில போன உசுர ஊருக்குள்ள கொண்டாரக்கூடாது, தெரியுமில்ல? அப்பறம் எங்கண்ணனக் களத்துமேட்டுலதான் கெடத்தோணும்."

மோகன்குமார் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "உசுரோடதான் இருக்குறாருங்கத்தை. தூங்குறாரு."

வீட்டு வாசலில் ஊரே கூடியிருந்தது. யாரும் உள்ளே எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்ற பதற்றத்தில் மோகன்குமார் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிக் கதவைத் தடாலென்று சாத்தினான். கட்டில் கொண்டுவர மதுமதியும் இறங்கிச் சாத்தினாள். அந்த அதிர்வில், சாவியைப் பிடித்திருந்த சின்னண்ணனின் கை மடியில் சரிந்து பட்டனை அழுத்தியது. விளக்குகள் ஒருமுறை மின்னின. 'டிக்' என்று நான்கு கதவுகளும் பூட்டிக்கொண்டன.

சாவி உள்ளே, அவர் பிடிக்குள்.

"பெரியவரு உள்ள பூட்டிக்கிட்டாருங்கோ!" என்று யாரோ கத்தினார்கள்.

"பூட்டத் தெரியுதுன்னா தெம்பாத்தான் இருக்குறாரு," என்று கூட்டம் ஆறுதலடைந்தது.

மாற்றுச் சாவி சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மோகன்குமாரின் வீட்டு பீரோவில் இருந்தது. வந்து சேர எப்படியும் வெயில் உச்சிக்கு ஏறிவிடும். அதுவரை என்ன செய்ய? போர்வெல் போடும் ரிக் லாரி வைத்திருக்கும் சபரிநாதன் காரைச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினான். "பழைய வண்டியா இருந்தா ஒரு ஸ்கேல உட்டு லாக்கைத் தூக்கியிருக்கலாமுங்க. பெரியவரு சொன்னது செரிதான். கம்பெனிக்காரன் அதையே திருப்பி உடோணும்."

"ஸ்கேல உட்டா உனக்கு மட்டுமா தொறக்கும்? திருடனுக்குந்தான் தொறக்கும்," என்றாள் பக்கத்து வீட்டுச் சௌந்திரம். "எந் தம்பி மரத்துல மோதிப் பொழச்சது காருக்குள்ள பலூன் விரிஞ்சதாலதான். அந்த டப்பாவுல பலூன் ஏது?"

"பலூனு வேணும், செரி. கண்ணாடிக்கு எதுக்குங்க கரண்டு? பழசுலயே பலூன வெச்சு உடட்டுமே," என்றான் சபரிநாதன்.

கூட்டம் இரண்டாகப் பிரிந்து காரசாரமாக மோதிக்கொண்டது. நடுவில் சின்னண்ணன், பஞ்சாயத்துத் தலைவர்போலச் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கூட்டத்தை விட்டு அவர் நகர்ந்திருக்கவே மாட்டார் என்று மதுமதிக்குத் தோன்றியது. சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் முட்டியது.

அவள் கொட்டகைக்குப் போனாள். மாருதியின் டிக்கியிலிருந்து ஜாக்கி ராடை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மது, என்ன பண்ற?" என்று பாய்ந்தான் மோகன்குமார். "புது வண்டி!"

"அப்பா உசுரோடதான இருக்குறாரு? நீங்கதானுங்கண்ணா சொன்னீங்க," என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "ஏசியும் இல்ல, காத்தும் இல்ல. உள்ள மூச்சு முட்டாதுங்களா?"

"ஒடைங்கம்மிணி!" என்றது ஊர், முதல்முறையாக ஒரே குரலில்.

மோகன்குமார் விலகி நின்றான். டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில் அவள் ஓங்கி அடித்தாள். கண்ணாடி கல்கண்டாய்க் கொட்டியது. வாய்க்கால் பக்கமிருந்து வந்த காற்று கரும்புத் தோகையைச் சலசலக்க வைத்துவிட்டு உள்ளே நுழைந்தது. சின்னண்ணனின் வெள்ளை முடி அசைந்தது.

"அசையறாரு பாருங்க!" என்று குப்பாயி கூவினாள். "தூக்குங்க, தூக்குங்க!"

கதவைத் திறந்து கட்டிலில் கிடத்தி, வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். வாயில் குப்பாயி ஊற்றிய பால் கடைவாயில் வழிந்தது. "இப்பத்தான் போனாரு, ஊட்டுக்குள்ள வந்துதான் போனாரு!" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு மதுமதியைக் கட்டிக்கொண்டு காதோடு சொன்னாள். "கார்க் கண்ணாடியில எட்டிப் பாத்தப்பவே தெரியும் சாமி. எங்கண்ணன் உசுரோட இருந்திருந்தா அந்தப் பேச்சுக்கு வாய மூடிக்கிட்டு இருப்பாரா?"

அன்று சாயங்காலமே எரியூட்டினார்கள். மறுநாள் காலையில் அஸ்தியைக் கரைக்க ஜேடர்பாளையத்துக்குப் புறப்பட்டபோது, புதுக் கார் ஜன்னலில் தீவனச் சாக்கை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தது. மோகன்குமார் அதைப் பார்த்தான். கலயத்தோடு கொட்டகைக்குப் போய் மாருதியின் முன்சீட்டில் உட்கார்ந்தான். மதுமதி சாவியைத் திருகினாள். வண்டி கொஞ்சம் இருமிவிட்டு ஓடியது.

வாய்க்கால் ரோட்டில் திரும்பியதும் அவன் கை கதவில் பட்டனைத் தேடியது. கைப்பிடிதான் அகப்பட்டது. சுற்றினான். கண்ணாடி பாதியில் இறுகி நின்றது.

மதுமதி வண்டியை மெதுவாக்கினாள். அவன் கலயத்தை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, கண்ணாடி முழுசாக இறங்கும்வரை சுற்றினான்.