ஒரு குறையும் இல்லை

நோயாளிகளுக்கு அரசு உதவி வாங்கித் தருவதுதான் ஆஸ்பத்திரியில் என் வேலை. புற்றுநோய் முற்றிய வாத்தியார் ஒருவருக்கு, வீட்டுக்கு வந்து கவனிக்க ஒரு நர்ஸ் கேட்டு மூன்று மாதம் நாயாய் அலைந்தேன். "அதிகாரி கேட்டா உள்ளதைச் சொல்லுங்க சார்" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

நிலைமையை நேரில் பார்த்து முடிவு செய்ய அதிகாரி வந்தார். வீட்டுக்கு ஆள் வருகிறதே என்று மனைவி வாத்தியாருக்குச் சவரம் செய்து, இஸ்திரி சட்டை மாட்டி உட்கார வைத்திருந்தார்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன். ஒரு குறையும் இல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், நேத்து பாத்ரூம்ல விழுந்தீங்களே!"

"அட, ஈரத்துல வழுக்கிடுச்சும்மா."

'உதவி தேவையில்லை' என்று எழுதிவிட்டு அதிகாரி கிளம்பினார்.

கத்தவே போனேன். வாத்தியார் வாசலை எட்டிப் பார்த்தார்.

"போயிட்டாரா? கொஞ்சம் தூக்கிவிடும்மா. காலையிலேர்ந்து எந்திரிக்க முடியல."