மலைக்கு எட்டு, கடலுக்கு ஒன்று

நாற்பத்தேழு வயதாகியும் நான் கடலைப் பார்த்ததில்லை. ரங்கூனில் பிறந்து, ரங்கூனிலேயே வாழ்க்கைப்பட்டு, பசுந்தாங்கில் நாலாவது மாடியில் குடியிருக்கிற எனக்குத் தண்ணீருக்கு ஒன்றும் பஞ்சமில்லை. மழை பெய்தால் தெருவே ஆறுதான். ஆனாலும் கடல் வேறு. கல்யாணமான புதிதில், "ங்வேசாங் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று என் வீட்டுக்காரர் கார்த்திகேசன் சொன்னார். அந்த வாக்குக்கு இந்த வருடம் வெள்ளிவிழா.

இந்தத் திஞ்சான் தண்ணீர்த் திருவிழா விடுமுறைக்கு வாய்விட்டுக் கேட்டே விட்டேன்.

"கடல்ல என்ன ரேவதி இருக்கு? உப்புத் தண்ணி. போட்டாதாங் ஜெட்டிக்குப் போனா ஓசியிலேயே தண்ணி பாக்கலாம். நாம கலோ மலைக்குப் போவோம். பைன் மரம், குளிர்காத்து, இயற்கை!"

வீட்டிலிருக்கும் ஒரே துளசிச் செடிக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றாத மனிதருக்கு இயற்கைமேல் எங்கிருந்து பாசம் வந்தது? விசாரித்ததில் தெரிந்தது. கலோவில் அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் வீடு காலியாக இருக்கிறதாம். பெரிய சமையலறையாம். சமையலறையோடு வரும் இயற்கையில் எனக்கு என்ன வேலை என்று எனக்குத் தெரியாதா?

கடல்தான் என்று நான் பிடிவாதமாக நின்றதும், வழக்கு அவருடைய அக்கா, என் அண்ணி பவுனம்மாளிடம் போயிற்று. எங்கள் வீட்டு வழக்கெல்லாம் அங்கேதான் தீரும்.

"யாரு யாரு போறீங்க?" என்றார் அண்ணி.

"நாங்க ரெண்டு பேரு, அப்புறம் நம்ம ஜெயந்தி."

"பொண்ணோட சேத்து மூணு பேரா? மூணு பேரா கெளம்பினா போன காரியம் வெளங்காதுடா!"

தோஷம் நீங்க, தானும் வருவதாகச் சொன்னார். அண்ணி வந்தால் அவர் கணவர் சபாபதி வரவேண்டும். மகனையும் மருமகளையும் விட்டுவிட்டு வரலாமா? மருமகள் வந்தால் சம்பந்தி வீட்டார் இருவரையும் கூப்பிடாமல் இருப்பது மரியாதையா? ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒன்பது பேர் ஆனோம். வாக்கெடுப்பும் நடந்தது. மலைக்கு ஏழு, கடலுக்கு நானும் ஜெயந்தியும். "ஜனநாயகம்" என்றார் கார்த்திகேசன். ராணுவ ஆட்சி நடக்கிற ஊரில் ஜன்னல் திறந்திருந்ததால் மெதுவாகத்தான் சொன்னார்.

பஸ் டிக்கெட் எழுதும் பர்மாக்காரப் பெண், "ஒன்பது பேரா?" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பர்மாக்காரர்கள் ஒன்பது பேராகப் பயணம் போக மாட்டார்கள். போயே ஆகவேண்டுமென்றால், ஒரு கல்லைப் பத்தாவது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். எங்களுக்குத் தமிழ்ப் பஞ்சாங்கமும் உண்டு, பர்மாப் பஞ்சாங்கமும் உண்டு. இரண்டிலிருந்தும் தடைகளை மட்டும் ஒன்றுவிடாமல் எடுத்துக்கொள்வோம்.

கார்த்திகேசன் தேங்காய் அளவில் ஒரு கல்லைத் தூக்கி வந்தார். பர்மாக்காரர்களாக இருந்தால் அதைப் பையில் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். அண்ணிக்குக் கை சும்மா இருக்குமா? கழுவினார். மஞ்சள் பூசினார். குங்குமமும் வைத்தார். சபாபதி கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகும் என்பார்கள். எங்கள் வீட்டில் வழித்துணைக்குப் பிடித்த கல் பிள்ளையாராகிவிட்டது.

"சாமியைக் கால்கிட்ட வச்சிக்கிட்டு எப்படிங்க பஸ்ல போறது? வழியில கறிச்சோறு வேற சாப்புடுவோம்" என்றார் சம்பந்தியம்மாள்.

கொண்டுபோகவும் முடியாது, தூக்கிப் போடவும் முடியாது. இரண்டு வேளை விளக்கேற்றியாக வேண்டும்.

"யாராச்சும் ஒருத்தர் நின்னு வெளக்கேத்தணும்" என்றார் அண்ணி. எல்லாக் கண்ணும் என்மேல் வந்து நின்றன.

"ஒருத்தர் நின்னுட்டா எட்டுப் பேருதான். ஒம்போது தோஷமும் போச்சு" என்று சபாபதி கணக்கை முடித்தார்.

நான் கார்த்திகேசனைப் பார்த்தேன். அவர் கல்லைப் பார்த்தார். அந்தக் கல்லை எந்தத் திசை பார்த்து வைப்பது என்று அரைமணி நேரம் பேசினார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சரிங்க" என்றேன். தங்கமான பெண் என்று அண்ணி என்னைப் பாராட்டினார். தங்கம் எட்டுப் பேருக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தது.

கிளம்பும்போது ஜெயந்தி என் கையில் ஒரு காகிதத்தைத் திணித்தாள். ங்வேசாங்குக்கு ஒரு பஸ் டிக்கெட்.

"அமே," என்றாள், பர்மாக்காரப் பிள்ளை அம்மாவைக் கூப்பிடுவதுபோல, "வெளக்கை எங்க வச்சு ஏத்தணும்னு அத்தை சொல்லவேயில்லையே."

மறுநாள் காலையில் கல்லைப் புதுத்துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டை பார்த்தவர் கல்லையும் பார்த்துவிட்டு, "ஒன்பது பேரா?" என்று கேட்டார். "ஒருத்திதான்" என்றேன்.

கடல் தெரிந்ததும் வாய்விட்டு அழுதேன். ஆறு மணி நேரப் பஸ். இதற்கா இருபத்தைந்து வருடம்!

சாயங்காலம் விடுதி அறையில் கல்லுக்கு விளக்கேற்றிவிட்டுக் கரைக்கு வந்தேன். கைபேசி அடித்தது.

"ரேவதி, வெளக்கேத்தினியா?"

"ஏத்திட்டேங்க."

"அது என்ன இரைச்சல்?"

"கடலுங்க."

"தனியாவா போன?"

"இல்லீங்க. அண்ணி துணைக்குச் சாமியை விட்டுட்டுத்தானே போனாங்க."

அந்தப் பக்கம் பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. யார் அரிசி கழுவுவது என்று மற்ற ஏழு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இங்க எல்லாரும் பட்டினியா நிக்கிறோம்டி. உனக்கு இப்ப என்னதான் வேணும்?" என்று கத்தினார் கார்த்திகேசன்.

எனக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்பது இதுதான் முதல் தடவை. பதிலுக்கு அவசரமில்லை. கட்டியிருந்த தமேன் கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் நனையும்வரை இறங்கி நின்றேன்.

"இன்னும் ரெண்டு நாளுங்க" என்றேன்.