பினாயில் ஊற்றிய இடம்

புல் வெட்டிக் குடும்பம் நடத்த முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதற்குச் சாந்தோமில் ஒரு சாட்சி இருந்தார். அகஸ்டின். வாடகைக்கு எடுத்த மெஷினைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஆரம்பித்த மனிதர், அதே தொழிலில் மகளைப் படிக்க வைத்து, கட்டிக் கொடுத்து, சொந்தமாக ஒரு குட்டியானை லோடு வண்டியும் வாங்கிவிட்டார். அடையாறிலும் போட் கிளப் பக்கமும் அவர் கைபடாத புல்தரை குறைவு. எப்படி இத்தனை வருஷம் தாக்குப்பிடித்தாய் என்று யாராவது கேட்டால் பெரிய ரகசியம் எதையும் அவிழ்க்கமாட்டார். தேதி தவறக்கூடாது, அவ்வளவுதான் என்பார். மழையோ வெயிலோ, புல் வளர்ந்திருக்கிறதோ இல்லையோ, சொன்ன தேதியில் கேட்டில் வண்டி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அடுத்த மாதம் அங்கே இன்னொருவன் வண்டி நிற்கும்.

இந்தத் தேதிப் பைத்தியம் எதுவரை போனது தெரியுமா? மே மாதம் பதினைந்தாம் தேதி அவர் மனைவி கிளாடிஸை அடக்கம் செய்தார்கள். பதினாறாம் தேதி காலை அவர் அடையாறு காந்தி நகரில் புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

அது இசக்கிமுத்து அண்ணாச்சி வீடு. தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்தவர், தூத்துக்குடிப் பக்கம். மாதத்தில் இரண்டாம் தேதியும் பதினாறாம் தேதியும் அகஸ்டினுக்கு அங்கே வேலை. விஷயம் எப்படியோ காதுக்கு எட்டி, அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிட்டார்.

"ஏன்யா, பொண்டாட்டிய மண்ணுல வச்ச மறுநாளு எவனாவது புல்லு வெட்டுவானா?"

"இன்னிக்குத் தேதி அண்ணாச்சி," என்றார் அகஸ்டின்.

 அண்ணாச்சி உள்ளே போய், தன் கையாலேயே ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்.

ஊர் என்ன சொல்லும்? கல்நெஞ்சக்காரன் என்றது. அகஸ்டினுக்கு அதுவும் உறைக்கவில்லை. அழக்கூடாது என்று அவர் ஒன்றும் வைராக்கியம் வைத்திருக்கவில்லை. அழுகை வரவில்லை, அதற்கு அவர் என்ன செய்வார்? பல்லைப் பிடுங்கப் போட்ட ஊசியில் கன்னம் மரத்துப் போகுமே, அந்த மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. ஹவுசிங் போர்டு வீட்டின் வராந்தாவில்தான் கிளாடிஸைக் கிடத்தியிருந்தார்கள். மறுநாள் சாயங்காலம் வந்து பார்த்தபோது அங்கே எதிர்வீட்டுப் பிள்ளைகளின் சைக்கிள் நின்றது. சிமெண்ட் தரையில் ஒரு கறைகூட இல்லை. முப்பதாம் நாள் பூசைக்குக் கோயிலுக்குப் போனார். அங்கிருந்து மகள் ஜொவிட்டா கல்லறைக்குக் கூப்பிட்டாள். வேலை இருக்கிறது என்றார். உண்மையிலேயே இருந்தது.

ஜூலையில் அண்ணாச்சியும் போய்விட்டார். மாரடைப்பு. மகன் ராகேஷ் அமெரிக்காவிலிருந்து வந்து சேரும்வரை உடலை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். கூடம் போதாது என்று புல்தரையிலேயே பந்தல் போட்டு, நடுவில் பெட்டி. எல்லாம் முறையாகத்தான் நடந்தது. உடலை எடுத்த பிறகுதான் ஒரு காரியம் நடந்தது பாருங்கள், அதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியாது. பிணம் கிடந்த இடத்தைக் கழுவிவிட வேண்டும் அல்லவா? வந்திருந்த சொந்தக்காரப் பெண்கள் அது தரையா புல்லா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கக் கூடாதா? யோசிக்கவில்லை. இருந்த பினாயிலையெல்லாம் வாளியில் கொட்டிக் கலக்கி, பெட்டி இருந்த இடம் மொத்தமும் ஊற்றி, விளக்குமாறு போட்டுத் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள்.

அடுத்த முறை அகஸ்டின் போனபோது பச்சைப் புல்லின் நடுவே ஆள் நீளத்துக்கு ஒரு பழுப்பு நீள்சதுரம். அருகில் போனால் இன்னும் பினாயில் வாடை. குனிந்து ஒரு கொத்தைப் பிடுங்கிப் பார்த்தார். வேர் செத்திருந்தது.

ராகேஷ் அவசரத்தில் இருந்தான். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு ஊரே வரும், அதற்குள் அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுப்புல் பதித்துவிடச் சொன்னான். அகஸ்டினால் முடியாதென்றால் ஒரு கம்பெனி இருக்கிறதாம், ஒரே நாளில் பாய் மாதிரி விரித்துவிட்டு, வருஷ ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொள்வார்களாம். வேறு வார்த்தையில் சொன்னால், வேலை போய்விடும். அந்தத் தெருவில் இன்னும் மூன்று வீடுகள் அண்ணாச்சி சொல்லிக் கிடைத்தவை. ஒன்று போனால் மற்றதும் போகும். அகஸ்டின் தலையை ஆட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்து வந்தார்.

அப்போது பின்கட்டிலிருந்து சண்முகவடிவு அம்மா வந்தார். அண்ணாச்சியின் மனைவி. காலில் செருப்புகூட இல்லை.

"அத மூடிராத தம்பி," என்றார். "அவ்வொ கெடந்த எடம். அப்படியே கெடக்கட்டும்."

கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அகஸ்டினுக்கு அந்த முகம் தெரிந்த முகமாக இருந்தது. காலையில் ஷேவ் செய்யும்போது கண்ணாடியில் அதைத்தான் அவர் பார்க்கிறார். மண்வெட்டியைக் கொண்டுபோய் வண்டியில் போட்டுவிட்டார்.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனிக்காரர்கள் சுருட்டிய புல்லோடு வந்து நின்றார்கள். அம்மா கேட்டைத் திறக்கவே இல்லை. ராகேஷ் கத்திப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான், கடைசியில் விசேஷத்தன்று அந்த இடத்தின் மேல் சிவப்பு விரிப்பைப் போட்டு மறைத்துவிட்டு விமானம் ஏறினான். போவதற்கு முன் அகஸ்டினைக் கூப்பிட்டு, அம்மா என்ன சொல்கிறாரோ அதைச் செய்யுங்கள் என்றான்.

அம்மா சொன்னதைச் செய்வது அவ்வளவு சுலபமா? அங்கே இருந்தது கொரியன் புல். அது சும்மா இருக்கிற ஜாதி இல்லை. பக்கத்தில் வெறும் மண்ணைக் கண்டால் நாலா பக்கமும் கொடி விட்டுக்கொண்டு ஓடிவரும். ஒரு மழை பெய்து பினாயில் கரைந்ததும் ஓரங்கள் பச்சையாகத் தொடங்கின. அம்மா தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.  அகஸ்டின் சின்ன அரிவாளை எடுத்து வந்து, கயிறு கட்டி, நேர்க்கோட்டில் உள்ளே வந்த கொடிகளை அறுத்தார். அன்றிலிருந்து மாதம் இரண்டு முறை இதுவும் ஒரு வேலை ஆயிற்று. மற்ற இடமெல்லாம் புல் வளர்ப்பது, அந்த ஒரு இடத்தில் வளராமல் பார்த்துக்கொள்வது. இதற்கென்று தனியாகக் காசு எதுவும் வாங்கவில்லை. முழங்காலிட்டு அறுக்கும்போது மனதில் எதுவும் ஓடாது. கை அதுபாட்டுக்குப் போகும். முடிந்ததும் அம்மா காப்பி தருவார், இவர் குடிப்பார், இரண்டு பேரும் அந்த நீள்சதுரத்தைப் பார்ப்பார்கள். செப்டம்பர் போயிற்று, அக்டோபர் மழையும் வந்தது. நான்கு மூலையும் வைத்தது வைத்தபடி இருந்தது.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். அதே நாள் அண்ணாச்சி வீட்டுத் தேதி. வேளச்சேரியிலிருந்து ஜொவிட்டா விடியற்காலையே பூவும் மெழுகுவத்தியுமாக வந்துவிட்டாள். மழைக்காலம் முழுக்கக் கைக்குழந்தையோடு அவளாலும் கல்லறைக்குப் போக முடியவில்லை; இன்று குழந்தையை மாமியாரிடம் விட்டிருந்தாள். இன்றைக்காவது அப்பா வரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். போகிற வழியில் இறக்கிவிடுகிறேன், நீ மெழுகுவத்தி ஏற்றிவிட்டு ஆட்டோ பிடித்துப் போ என்றார் அகஸ்டின். அவள் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

ஆற்றோரக் கல்லறைத் தோட்டத்து வாசலில் திருவிழாக் கூட்டம். சாமந்தி மாலையும் சுண்ணாம்பு வாளியுமாகக் குடும்பம் குடும்பமாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அவளை இறக்கிவிட்டு, நெரிசலில் வண்டியைத் திருப்ப முடியாமல் அகஸ்டின் நின்றுகொண்டிருந்தார். ஹார்ன் அடிக்கவும் மனமில்லை. போன் அடித்தது.

"டாடி," என்றாள் ஜொவிட்டா. "மம்மிய காணோம்."

அவருக்குப் புரியவில்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு உள்ளே போனார். பழைய கல்லறைகளெல்லாம் வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தன. கடைசி வரிசையில்தான் புதிய குழிகள். மண் இறுகட்டும், ஒரு வருஷம் கழித்துக் கல் கட்டலாம் என்று சொல்லியிருந்ததால் கிளாடிஸுக்கு வெறும் மண்மேடும் மரச்சிலுவையும்தான் வைத்திருந்தார்கள். இப்போது அங்கே மேடு இல்லை. சிலுவையும் இல்லை. மழையில் மண் அமுங்கி, முழங்கால் உயரத்துக்குக் கோரையும் அருகம்புல்லும் மண்டிக் கிடந்தன. வரிசை முழுக்க ஒரே பச்சை. கையில் பூவை வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் ஜொவிட்டா அழுதுகொண்டிருந்தாள்.

எந்தப் புல் எந்த வெயிலில் எத்தனை நாளில் எழும்பும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் மனிதர் அவர். மே மாதம் மூடிய வெறும் மண் நவம்பரில் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர் நினைத்துப் பார்த்திருக்க வேண்டாமா? வேறொருவர் கிடந்த இடத்தை மாதம் இருமுறை கயிறு பிடித்துக் காத்து வந்திருக்கிறார். தன் மனைவி கிடக்கும் இடம் எதுவென்று இப்போது தெரியவில்லை.

புல்லுக்குள் இறங்கி இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டே போனார். உள்ளங்கையைக் கோரை அறுத்தது. வெகுநேரம் கழித்துக் கட்டையாக ஏதோ தட்டுப்பட்டது. உளுத்துச் சாய்ந்த சிலுவை. பெயிண்ட் உரிந்து, 'கிளா' வரைக்கும் எழுத்து இருந்தது.

பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அடையாறிலிருந்து சண்முகவடிவு அம்மா. மணி பத்து தாண்டியும் அகஸ்டின் வராதது இத்தனை வருஷத்தில் அவர் பார்க்காதது.

"இன்னிக்கு வரமுடியலம்மா," என்றார் அகஸ்டின். "என் வீட்டுக்காரி கீற எடத்துல நிக்கிறேன். புல்லு மூடிகிச்சும்மா. நான் ஒரு நாளும் வந்து பாக்கல."  கொஞ்சம் தள்ளி யாரோ செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். "நாளைக்கு வந்து அண்ணாச்சி எடத்த அறுத்துடறேன்."



"வேண்டாம் தம்பி," என்றார் அம்மா. "நீ அங்கனயே இரு. இங்க வளந்துட்டுப் போவுது."

அகஸ்டின் போனைப் பையில் போட்டார். மகளிடம் வண்டியிலிருந்து சின்ன அரிவாளை எடுத்துவரச் சொன்னார். கயிறும் வேண்டுமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றார். சிலுவையிலிருந்து ஆரம்பித்து, முழங்காலிட்டு, கிளாடிஸின் நீளத்துக்கு அறுத்துக்கொண்டு போனார். பாதியில் கண் மறைத்தது. துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை, துடைத்தாலும் நிற்கிற மாதிரி இல்லை. ஓரம் கோணல்மாணலாகப் போனது. வாழ்க்கையில் முதல் முறையாக அதை அவர் சரிசெய்யவில்லை.