ஓதிய வாய்

குலாம் முகம்மது பினாங்கில் ஜவுளி விற்றவர். வேண்டாம் என்று போகிறவனைக்கூடக் கூப்பிட்டுப் பேசியே சேலையைத் தலையில் கட்டிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு, பரங்கிப்பேட்டைக்குத் திரும்பி மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்த கையோடு, வாயில் மிஞ்சியது ஒரே ஒரு சொல்: 'இல்ல.' பசிக்கிறதா என்றாலும் அதுதான், பெயர் கேட்டாலும் அதுதான்.

கடலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் தேவசகாயம் பொறுமையாகத்தான் சொன்னார். "மூளையில இடப்பக்கம் ரத்தக்குழாய் அடைச்சிக்கிச்சு. பேச்சு உண்டாகுற இடம் அங்கதான். அதான் வலக்கையும் வுழுந்துடுச்சி. நாக்குக்கு ஒண்ணும் இல்ல. நாம சொல்றது அவருக்குப் புரியும். மனப்பாடமா ஓதுனது தானா வரும். ஆனா நெனைக்கிறத சொல்ல வராது. ஒண்ணு நெனைப்பாரு, வேற ஒண்ணு வாயில வரும்."

தம்பி லியாக்கத் அலியின் காதில் ஏறியது 'நாக்குக்கு ஒண்ணும் இல்ல' என்பது மட்டும். அதையே ஊரெல்லாம் சொன்னான். அவனைத் திட்டி என்ன பயன்? அண்ணன் மேல் அவ்வளவு ஆசை. சிதம்பரத்துச் சம்பந்தி அபுல் ஹசனுக்கும் அப்படியே சொல்லி அனுப்பினான்.

நிக்காஹ் அன்று குலாம் முகம்மதுவைத் தாங்கிப் பிடித்துச் சபையில் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளை அவரே அலைந்து தேடிய தங்கமான பையன். இன்று நடந்துவிட்டால் போதும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார். லியாக்கத் அலிக்குப் பெருமை தாங்கவில்லை. "அண்ணே, ஃபாத்திஹா ஓதுங்க" என்று முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தான். அவ்வளவுதான், சின்ன வயசில் மனப்பாடம் செய்தது தங்குதடையில்லாமல் கடைசிவரை வந்தது. சபையே "மாஷா அல்லாஹ்" என்றது.

நிக்காஹ் நடத்த வந்த ஹஜ்ரத் குனிந்து கேட்டார். "ஒங்க மவ ஆரிபாவ இந்த மாப்பிள்ளைக்குக் கட்டிக்குடுக்க சம்மதமா?"

சம்மதம், சம்மதம் என்று உள்ளே கத்தினார் குலாம் முகம்மது.

"இல்ல."

அது தப்பு என்று தலையை வேகமாக ஆட்டினார். இடக்கையால் மாப்பிள்ளையின் கையை எட்டிப் பிடித்தார். "இல்ல, இல்ல!"

மாப்பிள்ளை கையை உருவிக்கொண்டான். அபுல் ஹசன் எழுந்தார்.

"அது நோவு மச்சான்! டாக்டர் அப்பவே சொன்னாரு" என்று லியாக்கத் அலி ஓடினான்.

"நாக்குக்கு ஒண்ணும் இல்லேன்னது நீங்கதானே? இப்பத்தானே கணீர்னு ஓதுனாரு? ஓதுன வாயிதானே வேணாங்குது? பெத்தவருக்கே மனசில்லாத எடத்துல எங்களுக்கு என்ன வேலை?"

ஹஜ்ரத் தடுத்துப் பார்த்தார். அவர்கள் கேட்கவில்லை. வண்டிகள் கிளம்பின. குலாம் முகம்மது உட்கார்ந்த இடத்திலேயே அழுதார். அழுகை மட்டும் சரியாக வந்தது.

பந்தல் காலியான பிறகு ஆரிபா வந்து காலடியில் உட்கார்ந்தாள். மருதாணி சிவந்த கையால் அவர் கண்ணைத் துடைத்தாள்.

"எம்மேல கோவமா வாப்பா?"

"இல்ல."

அவர் முகம் மலர்ந்தது. எத்தனை நாளைக்குப் பிறகு நினைத்ததும் சொன்னதும் ஒன்றாயிருக்கிறது! அவளும் அதைக் கண்டுகொண்டாள். ஆசையாக இன்னும் கிட்டே வந்தாள்.

"அப்ப, அவுங்களத் திரும்பக் கூப்புடட்டா வாப்பா? ஒங்களுக்குப் புடிச்ச எடந்தானே?"

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் குவித்து, உள்ளதையெல்லாம் திரட்டினார்.

"இல்ல" என்றது வாய்.