சாவிக்கொத்தில் ஒரு வளையம்

குழம்புச் சட்டியைத் திறந்ததுமே வாசனை கூடத்துக்கு வந்துவிட்டது. கோழிக் குழம்பு இப்படி மணக்காது. இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து இத்தனை வருஷத்தில் எது கோழி, எது ஏரிப் பறவை என்று என் மூக்குக்குத் தெரியாதா? பந்தியில் என்னோடு வந்த ஆசிரியர்கள் எல்லாரும் இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் மெட்ராஸ்காரரான வனத்துறை ரேஞ்சர் நடராசன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

எண்பத்தாறாம் வருஷம், தை மாதம். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து ஆசிரியர்களுக்கு வனவிலங்குப் பாதுகாப்பு பற்றி ஒரு வாரப் பயிற்சி. அன்று காலையிலிருந்து கரைவெட்டி ஏரிக்கரையில் நின்று பைனாகுலரைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம். தலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட வாத்துகளை நடராசன் காட்டினார். இமயமலையைத் தாண்டி வருகிறதாம். சொல்லும்போது மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. சிலதின் காலில் நம்பர் போட்ட வளையம் இருக்கும், அதை வைத்து எங்கிருந்து வந்ததென்று கண்டுபிடித்துவிடலாம் என்றார். அதோடு விட்டாரா?

"போன மாசம் வலை போட்ட ஒருத்தர நானே ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போனேன். இன்னும் உள்ளதான் இருக்காரு. இந்த விஷயத்துல எனக்குத் தயவு தாட்சண்யமே கெடையாது டீச்சர்."

மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில் என்று வாயை விட்டது நான்தான். என் வீட்டுக்காரரின் அண்ணன், மூத்தார் அய்யாக்கண்ணுவிடம், "ஏரியில பறவை பாக்க ஆபீசர் வராரு மாமா, கோழி அடிச்சுடுங்க" என்று சொல்லியிருந்தேன். அவர் சின்ன வயசில் பார்த்த ஆபீசர்கள் எல்லாம் துப்பாக்கியோடு வந்தவர்கள். சுட்ட பறவையை இதே வீட்டில் கொடுத்துச் சமைக்கச் சொல்லி, தின்று ஏப்பம் விட்டுப் போனவர்கள். பறவையை வெறுமனே பார்த்துவிட்டுப் போக ஒரு ஆபீசர் வருவார் என்று அவர் எந்தக் காலத்தில் கண்டார்?

அடுப்படிக்கு ஓடினேன்.

"மாமா, கொழம்புல என்ன கெடக்கு?"

"கோழிய எவன் வேணாலும் போடுவான். மெட்ராஸ் ஆபீசருக்குக் கோழியப் போட்டா நம்ம வூட்டு மானம் என்னாவறது? நேத்து சாயங்காலம் வலைய விரிச்சேன். பெரிய வாத்தா வந்து வுழுந்துச்சு."

"அய்யய்யோ! அதப் புடிச்சா ஜெயிலு மாமா. புடிச்சுக் குடுக்கற ஆபீசரே அவருதான்."

"ஏரி நம்மூரு ஏரி. ஜெயிலு எங்கேருந்து வருது?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "நெசமாவா சொல்ற?"

சித்திரையில் அவர் மூத்த மகளுக்குக் கல்யாணம். அது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும், அப்படியே அம்மிமேல் உட்கார்ந்துவிட்டார். யார் கேட்டாலும் கோழி என்றே சொல்லுங்கள் என்று அவரிடம் சொன்னேன். ஆனால் அவர் பெண்சாதி பஞ்சவர்ணம் அக்கா அதற்குள் சட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். பின்னாலேயே ஓடி வந்து என் இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

நடராசன் சப்புக்கொட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "பிரமாதம்மா. நாட்டுக்கோழியா?" என்றார். அக்கா பெருமையாகச் சிரித்துவிட்டு இரண்டாம் தடவை ஊற்றக் குனிந்தாள். இடுப்புச் சாவிக்கொத்து அவர் முகத்துக்கு நேராக ஆடியது. சாவிகளுக்கு நடுவே ஒரு வளையம். நம்பர் போட்ட வளையம். பாவி மகளே, உனக்குக் கோத்துக்கொள்ள வேறு எதுவும் கிடைக்கவில்லையா?

"அக்கா, உள்ள மாமா கூப்புடறாரு, போங்க."

"இருடி, சாருக்கு ஊத்திட்டுப் போறேன்."

நடராசன் மெல்லுவதை நிறுத்தினார். "அது எங்க கெடச்சுதும்மா?"

"இதுங்களா? ஒங்களுக்காவ அறுத்த வாத்து கால்ல கெடந்துச்சுங்க. பளபளன்னு இருந்துச்சேன்னு கோத்துக்கிட்டேன். வேணும்ங்களா?" வெள்ளந்தியாக அவளே அதைக் கழற்றி நீட்டினாள்.

இடது கையில் வாங்கி நம்பரைப் படித்தார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு இலையோரம் தான் ஒதுக்கி வைத்திருந்த எலும்புகளைப் பார்த்தார். பந்தி மொத்தமும் வாயில் போட்டதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அய்யாக்கண்ணு மாமா வந்து நின்றார். தோள் துண்டு கைக்கு வந்திருந்தது.

"நாந்தாங்க புடிச்சேன். பொம்பளைங்களுக்கு ஒண்ணும் தெரியாது. கூப்புட்டா ஜீப்புல ஏறிடறேன்." துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "ஆனா ஒங்களுக்குன்னு ஆசையா ஆக்குனதுங்க. சோத்துல மட்டும் குத்தம் வச்சுடாதீங்க."

எங்கள் ஊர்ப்பக்கம் சாப்பிட்ட இலையைத் தன் பக்கமாக மடித்தால் உறவு. எதிர்ப்பக்கம் மடித்தால் சாவு வீடு, இல்லையென்றால் இனி உன் வாசல் மிதிக்கமாட்டேன் என்று அர்த்தம். மெட்ராஸ்காரருக்கு இது தெரியுமா? அக்காவுக்குத் தெரியும். சட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடராசன் வளையத்தைப் பையில் போடவில்லை. எலும்புகளுக்குப் பக்கத்தில் வைத்தார். வாசலில் ஜீப் டிரைவர் வண்டியைத் திருப்பி நிறுத்தும் சத்தம் கேட்டது. நடராசனின் வலது கை இலையின் நடு நரம்பின்மேல் அப்படியே இருந்தது. விரல்களில் குழம்பு காயத் தொடங்கியிருந்தது. எந்தப் பக்கம் மடிக்கப் போகிறாரோ என்று பார்த்துக்கொண்டு வேறு யாரும் இலையை மடிக்கவில்லை.